வெஸ்னோத்தில் எதிரியைப் படிப்பது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு

வெஸ்னோத் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆட ஆரம்பிப்பவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எதிரே நிற்பது எலும்புக்கூடா, பேயா, ஓர்க் என்னும் அரக்கனா என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் யார் வந்தாலும் ஒரே மாதிரி போய் அடிக்கிறார்கள். நாகர்கோவிலில் எங்களோடு ஆட வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வியும் இதுதான்: "அண்ணே, நம்ம ஈட்டிக்காரன் குத்திக்கிட்டே இருக்கான், அந்த எலும்புக்கூடு சாவவே மாட்டேங்கு, ஏன்?"

சாகாது. ஈட்டி எலும்புக்கூட்டுக்குச் சரிப்படாத ஆயுதம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பலமும், அதே அளவுக்கு ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். பலத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் ஓட்டை எங்கே என்று தேடப் பழக வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 'தி பேட்டில் ஃபார் வெஸ்னோத்' டேவிட் வைட் என்பவர் தொடங்கி 2003இல் வெளியிட்ட மாயாஜாலப் போர் விளையாட்டு. மூலநிரல் திறந்தது, கணினியில் ஆடக் காசு கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். அறுகோணக் கட்டங்கள் போட்ட மேப்பில் நீங்கள் ஒரு முறை, எதிரி ஒரு முறை என்று மாறி மாறி நகர்த்த வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் போதும். ஒரு தடவை இறக்கிவிட்டால், தனியாக ஆடுவதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஆனி ஆடியில் சாரல் அடித்து நெட் படுத்துக்கொண்டாலும் ஆட்டம் நிற்காது.

முதல் படி: அடிக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்

எதிரி யூனிட்டின் மேல் மவுஸை வைத்தால் வலது பக்கப் பட்டியில் அதன் விவரம் வரும். புதியவர்கள் அங்கே உயிர்ப்புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசை வேறு.

முதலில் அதன் ஆயுதங்கள். 7×3 என்று இருந்தால் ஒரு அடிக்கு 7 டேமேஜ், ஒரு சண்டையில் மூன்று அடி. அதைவிட முக்கியம், அந்த ஆயுதம் கைக்கெட்டும் சண்டைக்கா, தூரத்திலிருந்து எறிவதற்கா என்பது. வெஸ்னோத்தில் நீங்கள் எந்த வகையில் தாக்குகிறீர்களோ அதே வகை ஆயுதம் இருந்தால்தான் எதிரி திருப்பி அடிக்க முடியும். வில் இல்லாதவனை வில்லால் அடித்தால் அவன் சும்மா நின்று வாங்கிக்கொள்வான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, எதிர்ப்புச் சக்தி. பட்டியில் உயிர்ப்புள்ளி எண்ணின் மேல் மவுஸை நிறுத்தினால் வெட்டு, குத்து, மொத்து, நெருப்பு, குளிர், ஆர்கேன் என்ற ஆறு வகை அடிகளும் அதற்கு எத்தனை சதவீதம் கூடும், குறையும் என்று காட்டும். மூன்றாவது, அது எந்த நேரத்துக்காரன், அதாவது பகலில் பலமா இரவில் பலமா என்பது. நான்காவது, விசேஷத் திறமைகள். புரியாத பெயர் எதைப் பார்த்தாலும் அதன்மேல் மவுஸை வையுங்கள், விளக்கம் வந்துவிடும். நான் கீழே தரும் எண்கள் ஆரம்ப லெவல் யூனிட்டுகளின் எண்கள். பதிப்புக்குப் பதிப்பு இவை கொஞ்சம் மாறும், அதனால் திரையில் இருப்பதையே நம்புங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகமா? தாக்கு என்று சொடுக்கியதும் வரும் பெட்டியில் டேமேஜ் கால்குலேஷன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அடித்தால் யார் எத்தனை சதவீத வாய்ப்பில் சாவார்கள் என்று அது சொல்லிவிடும். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெட்டியை மூடிவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை. இதை அமுக்காமல் ஆடிவிட்டு, கேம் ஏமாற்றுகிறது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

இரண்டாம் படி: அவன் நிற்கும் தரை

அடி விழுமா விழாதா என்பதை அடிப்பவனின் திறமை தீர்மானிப்பதில்லை. அடி வாங்குபவன் எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்பதுதான் தீர்மானிக்கும். சாதாரண மனிதப் படைவீரனுக்குச் சமதரையில் 40 சதவீதத் தற்காப்பு. அதாவது எதிரியின் நூறு அடியில் அறுபது விழும். காட்டிலும் குன்றிலும் தற்காப்பு 50, மலையிலும் கோட்டையிலும் கிராமத்திலும் 60. தண்ணீரில் இறங்கினால் 20தான்.

நாங்கள் பழகுவதற்கு, கேமுடன் வரும் மேப் எடிட்டரில் ஆரல்வாய்மொழியைப் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் மலைக் கட்டம், நடுவே கணவாய், உள்ளே வந்ததும் நாஞ்சில் நாட்டு வயலுக்குப் பதில் சமதரை, தெற்கே மணக்குடிக் காயலுக்குச் சதுப்புநிலம், கடலோரத்தில் வட்டக்கோட்டைக்கு ஒரு கோட்டைக் கட்டம். திருவிதாங்கூர்க்காரர்கள் கிழக்கே இருந்து வரும் படையைத் தடுக்க ஏன் அந்த இடத்தில் அரண் கட்டினார்கள், 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் ஆட்களோடு மோத வந்த ஆங்கிலேயர் ஏன் முதலில் அதைப் பிடிக்கப் பார்த்தார்கள் என்பதெல்லாம் இந்த மேப்பில் பத்துச் சுற்று ஆடினால் தன்னால் புரியும். நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தையே போட்டுப் பழகுங்கள். தரையை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை மிச்சம்.

தரைக்கு அடங்காத இரண்டு திறமைகள் உண்டு. மாஜிக்கல் என்று போட்டிருக்கும் அடி, எதிரி மலையில் நின்றாலும் காயலில் நின்றாலும் 70 சதவீதம் விழும். தாக்கும்போதும் திருப்பி அடிக்கும்போதும் அப்படித்தான். மார்க்ஸ்மேன் என்றால் குறைந்தது 60 சதவீதம், ஆனால் அவன் தாக்கும்போது மட்டும். ஆகவே மந்திரவாதி வருகிறான் என்றால் கோட்டைக்குள் பதுங்குவதில் பெரிய லாபம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: மணி பாருங்கள்

ஒரு நாளுக்கு ஆறு சுற்று: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. லாஃபுல் யூனிட்டுக்குப் பகலில் 25 சதவீதம் டேமேஜ் கூடும், இரவில் 25 குறையும். கேயாட்டிக் யூனிட்டுக்கு நேரெதிர். நியூட்ரலுக்கு எல்லா நேரமும் ஒன்று. விடியலிலும் அந்தியிலும் இந்த மூன்று வகைக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

புதிதாக ஆடுபவர் கையில் பெரும்பாலும் மனிதப் படை இருக்கும், அது லாஃபுல். எதிரே இறந்தவர் படையோ ஓர்க்கோ இருக்கும், அவர்கள் கேயாட்டிக். அதனால் முன்னிரவு வருகிறது என்றால் முன்னேறக் கூடாது. இரண்டு கட்டம் பின்வாங்கி, நல்ல தரையில் நின்று, காயம்பட்டவனைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை தாங்க வேண்டும். விடிந்ததும் போய் விழுங்கள். கம்ப்யூட்டர் எதிரிக்கு இந்தப் பொறுமை இல்லை. தனக்கு எவ்வளவு அடி விழும் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பகலிலும் ஓடி வந்து மோதும். அதன் அந்தக் குணம்தான் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

நான்காம் படி: இறந்தவர் படை

இதில் கொஞ்சம் நிற்போம். வெஸ்னோத்தில் எதிரியைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல படை கிடையாது. ஒவ்வொருவனுக்கும் வேறு மருந்து.

ஸ்கெலிட்டன், அதாவது எலும்புக்கூடு. 34 உயிர்ப்புள்ளி, கோடரி 7×3. வெட்டு அடியில் 40 சதவீதமும், குத்து அடியில் 60 சதவீதமும் அதைத் தொடாது. உங்கள் ஸ்பியர்மேனின் ஈட்டி 7×3. கணக்குப் போட்டால் பகலில் ஒரு குத்துக்கு 4, அந்தியில் 3, இரவில் 2. இரவில் மூன்று குத்தும் பட்டால்கூட 6தான். ஆனால் மொத்து அடியும் நெருப்பும் அதற்கு 20 சதவீதம் கூடுதலாக விழும். கதாயுதம் வைத்திருக்கும் ஹெவி இன்ஃபன்ட்ரிமேனுக்கு 11×2. பகலில் அது எலும்புக்கூட்டின்மேல் 16×2 ஆகிவிடும். 34இல் 32 போய்விட்டது, மிச்சத்தை யார் வேண்டுமானாலும் முடிக்கலாம். இரவில்கூட 10×2 குறையாது. திருப்பி அது கோடரியால் வெட்டினால், ஹெவியின் கவசம் வெட்டைப் பாதியாக்கிவிடுவதால் இரவிலும் அடிக்கு 4தான்.

மேஜ் என்னும் மந்திரவாதி இன்னும் நல்ல வழி. அவன் நெருப்பு 7×3, மாஜிக்கல், தூர அடி. எலும்புக்கூட்டிடம் வில் இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பகலில் அடிக்கு 10. ஒன்றே ஒன்று, அடித்துவிட்டு அவனை அங்கேயே சமதரையில் விட்டுவிட்டு டர்னை முடித்துவிடாதீர்கள். மேஜுக்கு உயிர்ப்புள்ளி 24தான். இரவில் எலும்புக்கூட்டின் கோடரி 9×3. மூன்றும் விழுந்தால் 27. அவன் முன்னால் இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தும் வழி இருந்தால் மட்டும் மேஜை அனுப்புங்கள்.

இன்னொரு சங்கதி, எலும்புக்கூட்டுக்கு சப்மெர்ஜ் திறமை உண்டு. ஆழ்கடல் கட்டத்தில் இறங்கினால் பக்கத்தில் போகும்வரை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கடலோர மேப்பில் பின்பக்கக் கிராமத்தைக் காவலில்லாமல் விடாதீர்கள்.

ஸ்கெலிட்டன் ஆர்ச்சர் அதே எலும்பு, கையில் வில். எதிர்ப்பும் அதேதான். கிட்டப் போனால் வெறும் கையால் 3×2 குத்தும், அவ்வளவுதான். ஹெவியை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

டார்க் அடெப்ட். இவன்தான் இந்தப் படையில் என் மரியாதைக்குரிய எதிரி. இருள் மந்திரம் பயிலும், 28 உயிர்ப்புள்ளியுள்ள மனிதன். குளிர் அலை 10×2, மாஜிக்கல். இரவில் ஹெவி இன்ஃபன்ட்ரிமேன்மேல் இவன் குளிர் 14×2 விழும், காரணம் அந்த இரும்புக் கவசம் குளிரைத் தாங்காது, ஹெவியிடம் தூர ஆயுதமும் இல்லை. எலும்புக்கூட்டுக்கு மருந்தாகக் கொண்டுவந்த ஆளை இவன் கரைத்துவிடுவான். கம்ப்யூட்டர் இந்த இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பும்போதுதான் புதியவர் திணறுவார்.

ஆனால் இவனுடைய ஓட்டை ஊரறிந்தது: கைக்கெட்டும் ஆயுதமே கிடையாது. யார் போய்ப் பக்கத்தில் நின்று அடித்தாலும் திருப்பி அடிக்க மாட்டான். ஸ்பியர்மேன் பகலில் 9×3, மொத்தம் 27. ஒரே ஒரு புள்ளி மிஞ்சி நம்மைப் பார்த்துச் சிரிப்பான், அது வேறு விஷயம். ஹார்ஸ்மேனை அனுப்பினால் அந்தத் தொந்தரவு இல்லை. ஹார்ஸ்மேனுக்கு சார்ஜ் என்ற திறமை. அவன் தாக்கும்போது கொடுக்கும் அடியும் இரட்டிப்பு, வாங்கும் அடியும் இரட்டிப்பு. மற்ற எதிரிகளிடம் அது சூதாட்டம். அடெப்ட்டிடம் வாங்க வேண்டிய அடியே இல்லை. பகலில் 22×2, இரண்டும் பட்டால் ஆள் காலி. அதே ஹார்ஸ்மேனை எலும்புக்கூட்டின்மேல் ஏவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குத்து ஆயுதம், 60 சதவீதம் போச்சு, திரும்பி வரும் கோடரியோ இரண்டு மடங்கு. ஒரே குதிரைக்காரன், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எதிரிகள், ஒருவனிடம் ராஜா, இன்னொருவனிடம் பலி. எதிரியைப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அடெப்ட் அனுபவம் சேர்த்து டார்க் சார்சரர் ஆகிவிட்டால் கையில் தடி வந்துவிடும், இந்த ஓட்டை அடைபட்டுவிடும். அதனால் அடெப்ட்டுக்கு உங்கள் ஆளைக் கொல்லும் வாய்ப்பைக் கொடுக்காதீர்கள். யாரைக் கொன்றாலும் செத்தவன் லெவலுக்கு எட்டுப் புள்ளி வீதம் அனுபவம் கிடைக்கும்.

கூல் என்னும் பிணந்தின்னி. நகம் 4×3 என்று பார்த்துச் சிரிக்காதீர்கள், அதில் விஷம் இருக்கிறது. விஷம் ஏறினால் ஒவ்வொரு சுற்றும் 8 புள்ளி போகும். ஆளைக் கொல்லாது, ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்திவிடும். கொல்ல வேறொருவன் வருவான். கிராமத்துக்குப் போனால் விஷம் இறங்கும், அந்தச் சுற்றில் விஷம் மட்டும்தான் இறங்கும், உயிர்ப்புள்ளி ஏறாது. மேஜ் லெவல் ஏறி வரும் ஒயிட் மேஜ் பக்கத்தில் நின்றாலும் தீரும். சாதாரண நாலு புள்ளி வைத்தியர் விஷத்தை ஒரு சுற்றுக்கு வேலை செய்யாமல் நிறுத்துவாரே தவிர எடுக்க மாட்டார். கூலுக்குத் தூர ஆயுதம் இல்லை. ஆகவே வில்லும் நெருப்பும்தான் வழி. கைகலப்பில் இறங்கினால், நீங்கள் தாக்கும்போதே திருப்பிக் கீறி விஷம் ஏற்றிவிடும். ஏற்கனவே விஷம் ஏறியவன்மேல் இன்னொரு தடவை விஷம் ஏறுவதில்லை, அதனால் மூன்று பேருக்கு விஷம் ஏற்றிக்கொள்வதைவிட ஒருவனையே கூலுக்கு முன்னால் நிறுத்துவது மேல்.

கோஸ்ட், பேய். வெட்டு, குத்து, மொத்து மூன்றும் பாதிதான் விழும். எந்தத் தரையிலும் 50 சதவீதத் தற்காப்பு, மலை, கடல் எல்லாவற்றையும் தாண்டிப் பறக்கும். போதாததற்கு டிரெய்ன். அடித்த டேமேஜில் பாதியைத் தன் உயிராகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் உயிர்ப்புள்ளியே 18தான். வீரர்கள் நாலு பேர் சூழ்ந்து நின்று வெட்டிக்கொண்டிருப்பது வீண். ஒரு மேஜ், முடிந்தால் இரண்டு. அதுவும் இல்லையென்றால் பேயை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள், அதன் அடி அவ்வளவு பலம் கிடையாது. இது லெவல் ஏறி ஷேடோ ஆனால் இரவில் கண்ணுக்குத் தெரியாது, முதுகில் குத்தும். அப்போது பயப்படலாம்.

வாம்பயர் பேட், வௌவால்: 16 புள்ளி, பெரும்பாலான கட்டங்களில் 60 சதவீதத் தற்காப்பு, ஒரு சுற்றில் எட்டுக் கட்டம். சண்டைக்கு வருவதைவிட உங்கள் பின்னால் போய்க் கிராமம் பிடிப்பதுதான் இதன் தொழில். துரத்தாதீர்கள். உங்கள் குதிரைப்படையில் ஒருவன் அதைத் துரத்திக்கொண்டு மேப்பின் மூலைக்குப் போய்விட்டால் வௌவால் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

வாக்கிங் கார்ப்ஸ், நடைப்பிணம். 18 புள்ளி, 6×2, விலை எட்டே தங்கம். லெவல் பூஜ்யம். இதன் பிளேக் திறமைதான் வினை: இதன் கையால் உங்கள் ஆள் செத்தால் அதே இடத்தில் எதிரிப் பக்கத்து நடைப்பிணமாக எழுந்து நிற்பான். கிராமத்துக்குள் நிற்பவனுக்கு இது நடக்காது. அதனால் நடைப்பிணங்கள் வரும் பக்கம் அரை உயிரோடு இருப்பவனை வெளியே விடாதீர்கள். மற்றபடி இவை புது ஆட்களுக்கு அனுபவம் சேர்த்துக்கொடுக்கும் தீனி. கொன்றால் நாலு புள்ளி.

ஐந்தாம் படி: ஓர்க் படை

இறந்தவர் படை மாதிரி இங்கே புதிர் கிடையாது. எண்ணிக்கையும் இருட்டும்தான் இவர்கள் பலம்.

கிரன்ட் 38 புள்ளி, பட்டாக்கத்தி 9×2, விலை 12 தங்கம். இரவில் 11×2, பகலில் 7×2. வித்தியாசத்தைப் பாருங்கள். தூர ஆயுதம் கிடையாது. வில்லாளியான போமேன், மேஜ் இருவரும் காசில்லாமல் அடிக்கலாம். பகலில் வரிசையாக நிறுத்தி முடியுங்கள்.

ட்ரோல் வெல்ப் கொஞ்சம் தலைவலி. 42 புள்ளி, ஒவ்வொரு சுற்றும் 8 புள்ளி தானாக ஏறும். இதை இன்று பாதி, நாளை பாதி என்று அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. ஒரே சுற்றில் கொல்ல முடியுமென்றால் தொடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். சமதரையில் இதற்கு 30 சதவீதத் தற்காப்புதான், பத்தில் ஏழு அடி விழும். ஆகவே இதை மலையிலிருந்து கீழே இறங்க விடுங்கள். எங்கள் ஆரல்வாய்மொழி மேப்பில் கணவாயின் வாயில் போய் நின்று மறிப்பவர்கள் ட்ரோலை மலைக் கட்டத்திலேயே வைத்து அடிக்க வேண்டியதாகிறது. இரண்டு கட்டம் உள்ளே, வயல் ஓரத்தில் காத்திருப்பவர்கள் அதை இறக்கிவிட்டு அடிக்கிறார்கள். கணவாயை மறிப்பதுதான் வீரம் என்று எல்லா நேரமும் நினைக்க வேண்டாம்.

உல்ஃப் ரைடர் வௌவாலின் ஓர்க் பதிப்பு. எட்டுக் கட்ட நடை, மலையிலும் தடுமாறாது. கிராமங்களைக் குறிவைக்கும்.

ஓர்க்கிஷ் அசாசின்தான் இந்தப் படையில் படிக்க வேண்டிய ஆள். எறிகத்தி 3×3, கூடவே விஷமும் மார்க்ஸ்மேனும். உங்கள் ஆள் கோட்டையில் நின்றாலும் 60 சதவீதம் பட்டுவிடும். பட்டால் விஷம். அவனைத் திருப்பி அடிப்பதும் கஷ்டம், நழுவிவிடுவான். கைச்சண்டையில் ஒரே ஒரு வெட்டு, 8×1. அதனால் பகலில் கிட்டே போய்ப் பலபேராக அடியுங்கள், மேஜ் இருந்தால் மாஜிக்கலின் 70 சதவீதம் இவனுக்கென்றே செய்தது. ஒருவேளை முடியவில்லையென்றால், விஷம் ஏறியவர்களை ஒரே நேரத்தில் எல்லோரையும் பின்னால் அனுப்பிவிடாதீர்கள். வரிசை உடைந்துவிடும், அசாசினுக்கு வேண்டியதும் அதுதான்.

கோப்ளின் ஸ்பியர்மேன் ஒன்பது தங்கத்துச் சரக்கு, லெவல் பூஜ்யம். குதிரைக்காரனை மட்டும் அதன் ஈட்டி முன்னால் கொண்டுபோகாதீர்கள்.

ஆறாம் படி: கடந்து போக விடாதீர்கள்

லெவல் ஒன்றும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு யூனிட்டும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களைத் தன் பிடியில் வைத்திருக்கும். எதிரி அதில் கால் வைத்தால் அந்தச் சுற்றுக்கு நடை முடிந்தது. இதனால் ஒரு கணவாயை அடைக்கத் தோளோடு தோள் நிற்க வேண்டியதில்லை. இருவருக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் யாரும் ஒரே சுற்றில் உள்ளே புகுந்து போக முடியாது. கன்ட்ரோல் விசையோடு வி அழுத்தினால் எதிரிகள் எங்கெல்லாம் வர முடியும் என்று மேப்பில் காட்டும். டர்னை முடிக்கும் முன் கட்டாயம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

விலக்கு இரண்டு. லெவல் பூஜ்ய யூனிட்டுக்கு இந்தப் பிடி கிடையாது, நடைப்பிணமும் கோப்ளினும் யாரையும் நிறுத்தாது. ஸ்கர்மிஷர் திறமை உள்ளவனை உங்கள் பிடி நிறுத்தாது. பல்லி மனிதர்களான சாரியன் ஸ்கர்மிஷர் உங்கள் வரிசைக்குள் நுழைந்து பின்னால் நிற்கும் மேஜைத் தேடிப் போகும். அந்த எதிரியிடம் மட்டும் மேஜைச் சுற்றி ஆட்களை நெருக்கமாக நிறுத்துங்கள்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக

டிராகன் இனத்தவரான டிரேக்குகள் பறக்கும், நெருப்புக் கக்கும், பார்க்கப் பயமாக இருக்கும். எந்தத் தரையிலும் அவற்றுக்கு நல்ல தற்காப்பு கிடையாது. குத்து, குளிர் இரண்டும் கூடுதலாக விழும். எலும்புக்கூட்டிடம் அவமானப்பட்ட அதே ஸ்பியர்மேன் இங்கே கதாநாயகன். அவன் ஈட்டிக்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உண்டு, டிரேக் தாக்க வந்தாலும் முதல் குத்து இவனுடையது.

குள்ளர்களின் உல்ஃப்செர்க்கர் பெர்செர்க் ஆடுவான். ஒரு சண்டை சாதாரணமாக ஒரு ரவுண்டில் முடியும், இவனோடு மோதினால் ஒருவர் சாகும்வரை அல்லது 30 ரவுண்டு வரை போகும். மேஜ், போமேன் மாதிரி கைச்சண்டையில் பலவீனமானவர்களைத்தான் தேடுவான். முன்வரிசையில் கைச்சண்டைக்காரர்களை நிறுத்தி, அவன் எட்டாதபடி மற்றவர்களை உள்ளே வையுங்கள். அவனிடம் தூர ஆயுதம் இல்லை, உங்கள் முறை வரும்போது வில்லால் அடியுங்கள்.

காட்டுக்குள் வோஸ் இருக்கலாம். நடக்கும் மரம், ஆம்புஷ் திறமையால் காட்டுக் கட்டத்தில் கண்ணில் படாது. நெருப்பைக் கண்டால் அதற்கு ஆகாது. திருடர்கள் வந்தால் பேக்ஸ்டேப் கவனம்: உங்கள் ஆளுக்கு முன்னால் ஒரு எதிரி, நேர் பின்னால் திருடன் என்று அமைந்தால் திருடனின் அடி இரட்டிப்பு. முதுகுக்கு நம் ஆள் ஒருவன் நின்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஏழாம் படி: பழகும் முறை

படித்தது கையில் ஏற, நேரே கதைக்குள் போக வேண்டாம். தனி மேப் ஒன்றைத் திறந்து, கோலன் விசையை அழுத்தி டீபக் (debug) என்பதை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அதன்பிறகு காலிக் கட்டத்தில் வலது சொடுக்கினால் விரும்பிய யூனிட்டை உருவாக்கும் வசதி வரும். எதிரிப் பக்கத்துக்கு ஒரு எலும்புக்கூடு, ஒரு அடெப்ட், ஒரு கூல். உங்கள் பக்கத்துக்கு ஒரு ஸ்பியர்மேன், ஒரு மேஜ், ஒரு ஹெவி, ஒரு ஹார்ஸ்மேன். யார் யாரை அடிக்க வேண்டும் என்று முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு டேமேஜ் கால்குலேஷன்ஸைத் திறந்து சரிபாருங்கள். அப்புறம் அடியுங்கள். அதே ஆட்களை வைத்து இரவில் ஒரு தடவை.

அதிர்ஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரி 60 சதவீதத் தற்காப்பில் நிற்கும்போது நீங்கள் மூன்று அடி அடித்தால், ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு தடவை மூன்றும் தவறும். அது கணக்கு. "லேய் மக்கா, மூணும் போச்சே" என்று தலையில் கை வைப்பதற்குப் பதிலாக, மூன்றும் தவறினால் அடுத்து யார் அடிப்பது என்று ஒரு ஆளை மிச்சம் வைத்துக்கொண்டு அடியுங்கள். நிச்சயமான அடியை முதலில் அடிக்க வேண்டாம், சந்தேகமான அடியை முதலில் அடியுங்கள். அது விழுந்துவிட்டால் நிச்சயமான ஆளை வேறு இடத்தில் பயன்படுத்தலாம்.

பிறகு 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' கேம்பெயினைத் தொடங்குங்கள். மொத்தம் நான்கே காட்சிகள், புதியவர்களுக்கென்றே செய்தது. முதல் காட்சியிலேயே இருள் மந்திரவாதி ஒருவன் இறந்தவர் படையோடு வருவான். அதை முடித்ததும் 'தி சவுத் கார்ட்'. அதில் கொள்ளைக்காரர்கள் முதலில் வருவார்கள், எலும்புக்கூடுகள் பின்னால். கொள்ளைக்காரர்களோடு சண்டை போடும்போதே ஒரு மேஜுக்குக் கொலைகளை விட்டுக்கொடுத்து ஒயிட் மேஜ் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். விஷம் எடுப்பார், எட்டுப் புள்ளி வைத்தியமும் பார்ப்பார், அவர் கையிலிருக்கும் ஆர்கேன் ஒளியை எலும்புக்கூடும் தாங்காது.